சுத்தக் காற்றுக் கோடு

கோமிர்சாய் பள்ளிக்கூடத்தைத் திறக்கலாமா கூடாதா என்று எங்கள் கருவிதான் சொல்ல வேண்டும் என்று முடிவாகியிருந்தது. அதற்காகத்தான் ஷினாரும் நானும் நகரத்து ஆய்வுக்கூடத்திலிருந்து பனிமலைப் பாதையைக் கடந்து வந்திருந்தோம். ஷினார் அளப்பவள். முப்பது வயதுகூட ஆகாத பெண், அதிகம் பேசமாட்டாள். நான் செய்ல்பெக். வண்டி ஓட்டுவேன், பெட்டிகளைத் தூக்குவேன், கண்ணாடியைத் தாங்கியில் பொருத்துவேன். அவள் என்னை அகா என்பாள், அண்ணன் என்று அர்த்தம்.

கோமிர்சாயின் வீடுகளுக்கு அடியில் பழைய நிலக்கரிச் சுரங்கங்கள் வலைபோல ஓடுகின்றன. அதில் ஒன்று உள்ளுக்குள்ளேயே எரிகிறது. அணைக்க வழியில்லை. எரிகிற கரியிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. யாராவது அதைச் சுவாசித்து மயங்கினால் எங்கள் பக்கத்தில் 'புகை தீண்டிவிட்டது' என்பார்கள். போன இலையுதிர் காலத்தில் பள்ளியின் பெரிய கூடத்தில் பாட்டுப் பயிற்சி நடந்தபோது பிள்ளைகள் தலைவலி என்றார்கள், இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். தீயணைப்பு நிலையத்தார் கொண்டுவந்த, வாயுவைக் கண்டால் ஒலி எழுப்பும் சின்னப் பெட்டி கத்தியது. ஆனால் அந்த வாரம்தான் கூடத்தின் மரத்தரைக்கு வார்னிஷ் அடித்திருந்தார்கள். அந்த மாதிரிப் பெட்டி வார்னிஷுக்கும் கத்தும், சாராய நெடிக்கும் கத்தும். பிள்ளைகளை விழ வைத்தது வார்னிஷா, சுரங்கமா என்று ஊரே இரண்டாகப் பிரிந்தது. பள்ளியை மூடிவிட்டார்கள்.

மூடியதால் வந்த கஷ்டம் பெரிது. பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றி மலைக்கு அந்தப்புறம் இருக்கும் ஊருக்கு அனுப்பினார்கள். ஜனவரியில் ஒருநாள் பனிப்புயலில் பேருந்து வழியிலேயே சிக்கிக்கொண்டது. மீட்புக்காரர்கள் போய்ச் சேருவதற்குள் ஒரு பையனுக்குக் குளிரில் விரல் நுனிகள் கருகிவிட்டன. அவன் அப்பா ஜென்பெக் அதன் பிறகு ஊரில் யாரோடும் சரியாகப் பேசுவதில்லை. தலைமையாசிரியை ரக்கிமா அம்மாள் எங்களுக்கு எழுதியது அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான். பள்ளியில் வாயு இல்லை என்று தெரிந்தால் அந்தப் பேருந்தை நிறுத்திவிடலாம். அவ்வளவுதான் அந்த அம்மாளுக்கு வேண்டும்.

எங்கள் கருவி வார்னிஷைப் பார்த்து ஏமாறாது. அது கூடத்தின் ஒரு முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அனுப்பும். மறுமுனையில் நான் நிறுத்திய கண்ணாடியில் பட்டு அது திரும்பி வரும். போகும் வழியில் காற்றில் உள்ள ஒவ்வொரு வாயுவும் அந்தக் கதிரில் தனக்கு உரிய பங்கை மட்டும் தின்றுகொள்ளும். திரையில் கோடாக வரும்போது எந்த இடத்தில் எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தால் எந்த வாயு, எவ்வளவு என்று தெரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடு தின்ற தடம் ஒரு சீப்பு மாதிரி இருக்கும், நடுவில் மட்டும் ஒரு பல் விழுந்த சீப்பு. வேறு எந்த வாயுவும் அப்படித் தின்னாது.

ஆனால் தின்றது எவ்வளவு என்று தெரிய, தின்னாத கதிர் எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டும். அதற்கு வாயு இல்லாத காற்றில் ஒரு கோடு எடுத்துக்கொள்வோம். அதை நாங்கள் சுத்தக் காற்றுக் கோடு என்போம். பிறகு வருகிற எல்லாக் கோடுகளையும் கருவி அதோடுதான் ஒப்பிடும்.

கோமிர்சாயில் குளிர்காலத்தில் சுத்தக் காற்றுக்கு எங்கே போவது? வீட்டுக்கு வீடு நிலக்கரி அடுப்பு. காற்றில்லாத நாளில் பள்ளத்தாக்கு முழுக்கப் புகை போர்வையாகப் படுத்துக் கிடக்கும். அந்தப் புகையிலும் அதே வாயு உண்டு. பள்ளிக்கூடம் இருப்பது ஊரின் மேல் ஓரத்தில். அடுப்புகள் அடங்கிய பிறகு மலையிலிருந்து மெல்லிய காற்று இறங்கி அந்த இடத்தைக் கழுவிவிடும். வெளியே கருவியை வைத்தால் குளிரில் விறைத்துப்போகும். அதனால் ஷினார் ஒரு வழி சொன்னாள். இரவு முழுக்கக் கூடத்தின் சன்னல்களைத் திறந்து போட வேண்டும். விடியுமுன், ஊரில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால், கூடத்துக்குள்ளேயே சுத்தக் காற்றுக் கோட்டை எடுத்துவிட வேண்டும். பிறகு எல்லாவற்றையும் அடைத்துவிட்டு, வாயு ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும்.

சாவி வைத்திருந்த காவற்காரி கலாம்பிர் அபாவிடம் அதைச் சொல்லிவிட்டு நாங்கள் விருந்தினர் அறைக்குப் போனோம். அபா என்றால் எங்களுக்கு மூத்த அக்கா. புருஷன் சுரங்கத்தில் இறந்துபோன பிறகு பள்ளியிலேயே பெருக்கி, கொதிகலனுக்குக் கரி போட்டு, தனியாக வாழ்பவர்.

விடியலில் பிஸ்மில்லா சொல்லி வேலையைத் தொடங்கினோம். சன்னல் கதவுகள் திறந்தே இருந்தன. வெளியே மூக்குக்குள் மயிர் உறைகிற குளிர். உள்ளே அந்த அளவுக்கு இல்லை. கண்ணாடியைத் திருகும்போது என் விரல்கள் ஒத்துழைத்தன, அதற்கு ஆண்டவனுக்கு நன்றி சொன்னேன். ஷினார் கோட்டை எடுத்தாள். சன்னல்களை அடைத்தோம். பிறகு நானும் அவளும் கூடத்திலேயே உட்கார்ந்து திரையைப் பார்த்தபடி காலையைக் கழித்தோம். எண் பூஜ்யத்திலேயே நின்றது. எனக்குத் தலை கனத்தது. முந்தின நாள் மலைப்பாதையில் ஓட்டிய அலுப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கலாம்பிர் அபா துடைப்பத்தோடு கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். ஷினார் அவரைக் கூப்பிட்டுத் தன் நாற்காலியில் உட்கார வைத்தாள். சீப்புக் கோட்டின் படத்தைக் காட்டி, இது வந்தால் ஆபத்து, வராவிட்டால் நல்லது என்று பொறுமையாக விளக்கினாள். அபா கோட்டின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு பல்லாகத் தடவிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு, இந்தக் கட்டிடத்தில் இத்தனை வருஷமாகப் பெருக்குகிறேன், இதைப் பார், அதைப் பார் என்று என்னை யாரும் உட்கார வைத்ததில்லை என்றார். அது எவ்வளவு சின்ன விஷயம். எனக்கு ஷினார் மேல் மதிப்புக் கூடியது.

நண்பகலில் ரக்கிமா அம்மாள் வந்தார். ஆசிரியை என்பதால் ஊரில் எல்லோரும் அவரை மரியாதையாக அபாய் என்பார்கள். ஷினார் எண்ணைக் காட்டி, வாயு இல்லை என்றாள். அம்மாள் நின்ற இடத்திலேயே முகத்தைக் கைகளால் தடவி துஆ செய்தார். அப்போதே ஊருக்குச் சொல்லி அனுப்பிவிட்டார். பிற்பகலில் கூடத்தில் சின்னதாக ஒரு விழா, நாளை முதல் வகுப்பு. பேருந்துக்காரரிடமும் இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

கருவியை மூட்டை கட்டலாம் என்றேன். ஆட்கள் நிறைந்திருக்கும்போதும் அளந்துவிட்டுப் போகலாம், அறிக்கைக்கு நல்லது என்றாள் ஷினார். அந்த ஒரு வார்த்தைக்காக இன்றைக்கும் நான் அவளுக்காகத் துஆ செய்கிறேன்.

பிள்ளைகள் வந்தார்கள், பெற்றோர் வந்தார்கள். கூடம் நிறைந்தது. மேல்சட்டைகளை நடைவழியில் மாட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். பெரிய கதவின் வெளிப்புறம் பனி ஏறிக் கிடந்ததால் நடைவழிக் கதவு ஒன்றுதான் வழி. வானம் கறுத்துக்கொண்டிருந்தது. புயல் வரும் நேரத்தில் காற்றின் அழுத்தம் இறங்கும். அழுத்தம் இறங்கினால் மூடிய சுரங்கம் மூச்சு விடும், உள்ளே அடைந்து கிடப்பதெல்லாம் விரிசல் வழியே மேலே வரும் என்று ஷினார் வழியிலேயே எனக்குச் சொல்லியிருந்தாள்.

திரையில் பூஜ்யம் ஒன்றாயிற்று. பிறகு மூன்று. சிறுமிகள் மேடையில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஆறு. ஷினார் தன் நகத்தைக் கடிக்கத் தொடங்கினாள். கவலைப்பட வேண்டுமா என்று கேட்டேன். ஆறு ஒன்றும் பெரிதில்லை, ஊர்ப் புகை உள்ளே வந்தாலும் இவ்வளவு இருக்கும் என்றாள். ஆனால் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அப்போது கலாம்பிர் அபா எங்களுக்குப் பால் டீயும் ஒரு தட்டில் பௌர்சாக்கும் கொண்டுவந்தார். சூடான அந்தப் பொரித்த மாவுருண்டைகளை என் கையில் திணித்துவிட்டு ஷினாரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தார்.

"காலைல ரொம்பக் குளிருச்சா, மகளே?"

"இல்ல அபா. பயந்த அளவுக்கு இல்ல."

அபாவின் முகம் மலர்ந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டார். "திட்டமாட்டேன்னா ஒண்ணு சொல்றேன். உங்களை நினைச்சா மனசு கேக்கல. நீங்க ரெண்டு பேரும் விடியக்காலம் அந்த ஐஸ் பெட்டிக்குள்ள எப்படி உக்காருவீங்க? நீங்க போனதும் சன்னலை எல்லாம் அடைச்சுட்டு, கொதிகலன்ல ரெண்டு வாளி கரி கூடப் போட்டேன்."

ஷினார் டீக் கோப்பையைக் கீழே வைத்தாள். "நாங்க வந்தப்ப திறந்துதானே இருந்துச்சு?"

"நீங்க வர்ற சத்தம் கேட்டுத் திறந்தேன். உள்கதவை மட்டுந்தான். வெளிக்கதவு ஐஸ் பிடிச்சு நகரல."

எங்கள் நாட்டில் சன்னலுக்கு இரண்டு அடுக்குக் கதவு. உள்கதவு விரியத் திறந்திருந்தால் திறந்திருக்கிறது என்றுதான் நினைப்போம். வெளிக்கதவின் கண்ணாடியில் படிந்திருந்த பனிப்பூ விடியல் இருட்டில் வெறும் இருட்டாகவே எங்களுக்குத் தெரிந்தது. அப்படியென்றால் அந்தக் கூடம் இரவு முழுக்க அடைந்தே கிடந்திருக்கிறது.

ஷினார் விசைப்பலகையைத் தட்டி விடியலில் எடுத்த சுத்தக் காற்றுக் கோட்டை, எதோடும் ஒப்பிடாமல், அப்படியே திரையில் விரித்தாள். குறுக்கும் நெடுக்குமாக நிறையக் கோடுகள், பாதி காற்றின் ஈரம் போட்ட தடம். அவள் ஓர் இடத்தைப் பெரிதாக்கினாள்.

சீப்பு இருந்தது. நடுப்பல் விழுந்த சீப்பு, ஆழமாக, ஒவ்வொரு பல்லும் எண்ணிப் பார்க்கிற மாதிரி. அபாவுக்கே புரிந்துவிட்டது. விரலை நீட்டியவர் பாதியில் இழுத்துக்கொண்டார்.

வாயு நிறைந்த காற்றைத்தான் சுத்தக் காற்று என்று கருவிக்குக் காட்டியிருக்கிறோம். அதனால் அது அந்த வாயுவை முழுக்க விழுங்கிவிட்டுப் பூஜ்யம் என்று சொல்லிக்கொண்டிருந்தது. இப்போது காட்டுகிற எண் அந்தப் பூஜ்யத்துக்கு மேலே ஏறியது மட்டும். ஷினார் ஒரு தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டாள். உண்மையான அளவு திரையில் இருப்பதைப்போல ஏழெட்டு மடங்கு. அது இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. என் தலைவலி எதனால் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

திரை ஒன்பது என்றது.

மேடையில் ரக்கிமா அம்மாள் பேசத் தொடங்கியிருந்தார். ஷினார் எழுந்து சுவரோரமாக நடந்து மேடையின் பக்கவாட்டில் போய் நின்றாள். நானும் அபாவும் பின்னால் போனோம். அம்மாள் பேச்சைப் பாதியில் விட்டு, புன்னகை மாறாமல், குனிந்து காதைக் கொடுத்தார்.

ஷினார் சொன்னதைக் கேட்டதும் அந்தப் புன்னகை அப்படியே உறைந்தது.

"மத்தியானம் நிச்சயமா இல்லைன்னு சொன்னியே."

"தப்பா சொன்னேன், அபாய். இங்கே வாயு இருக்கு. காலைலருந்தே இருக்கு."

"இப்ப மட்டும் எப்படி நிச்சயம்?"

"கோட்டையே நேர்ல பாத்துட்டேன். நான் திரும்பவும் தப்பாவே இருந்தாலும் பரவாயில்ல. பிள்ளைங்க வெளிய போகட்டும்."

ரக்கிமா அம்மாள் கூடத்தைப் பார்த்தார். அவர் எதை நினைத்தார் என்று எனக்குத் தெரியும். முன்வரிசையில் ஜென்பெக்கின் மகன் விரல்களில் துணிக்கட்டோடு உட்கார்ந்திருந்தான். மறுபடியும் பேருந்து, மறுபடியும் மலைப்பாதை. இன்னொரு பக்கம், இருப்பது ஒரே ஒரு குறுகலான கதவு. வாயு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இந்த ஊரில் அந்த வாயுவால் உறவை இழக்காத வீடு இல்லை. பெரியவர்கள் பிள்ளைகளைத் தேடிக் கூட்டத்துக்குள் பாய்வார்கள், பிள்ளைகள் கதவில் நசுங்குவார்கள்.

அம்மாளின் உதடு மட்டும் அசைந்தது. எப்படி வெளியே கொண்டுபோவேன் என்றார், எங்களிடம் கேட்ட மாதிரியும் இல்லை, தனக்குத்தானே சொன்ன மாதிரியும் இல்லை.

மேடை மேசையில் சாஷுவுக்கான தாம்பாளம் இருந்தது. நல்ல காரியம் நடந்தால் இனிப்புகளை அள்ளிக் கூட்டத்தின் தலைக்கு மேல் இறைப்பதுதான் சாஷு. பேச்சு முடிந்ததும் இறைக்கத் தயாராக மிட்டாயும், உலர்ந்த தயிர் உருண்டையான குர்த்தும் அதில் குவிந்திருந்தன. கலாம்பிர் அபா அந்தத் தாம்பாளத்தை இரண்டு கையாலும் எடுத்தார்.

"அபாய், சாஷு முற்றத்துலன்னு சொல்லுங்க," என்றார் மெதுவாக. "பள்ளிக்கூட வாசல்லதான் இறைக்கணும், அதுதான் பரக்கத்து, ஆண்டவன் அருள்னு சொல்லுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

ரக்கிமா அம்மாள் அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, வகுப்பறைக் குரலில், சாஷு இந்தத் தடவை வாசலில், சின்ன வகுப்புகள் முன்னால், வரிசையாக, பெரியவர்கள் கடைசியில், முந்துகிறவர்களுக்கு மிட்டாய் கிடையாது என்று அறிவித்தார்.

அபா அதற்குள் கதவைத் தாண்டியிருந்தார். முதல் கைப்பிடி முற்றத்துப் பனியில் விழுந்த சத்தம் கேட்டதோ இல்லையோ, சின்ன வகுப்பு முழுக்க ஓடியது. அவர் ஒரே இடத்தில் இறைக்கவில்லை. ஒவ்வொரு பிடியையும் முந்தியதைவிடத் தள்ளித் தள்ளி எறிந்தார், கதவருகே ஒருவரும் நிற்காதபடி. அடுத்த வகுப்பு, அதற்கடுத்தது. தாய்மார்கள் சிரித்தபடி பின்னால் போனார்கள். மேல்சட்டை போடாமல் போகிறதுகள் பார், எல்லாம் கலாம்பிர் கொடுக்கிற செல்லம் என்று ஒருத்தி கேலி பேசினாள். நடைவழியில் மாட்டியிருந்த மேல்சட்டைகளை நான் கொத்துக் கொத்தாக உருவி அவர்கள் கையில் திணித்தேன், யாருடையது யாருக்கு என்று பாராமல்.

கூடம் காலியானது. ஷினார் வரிசை வரிசையாகக் குனிந்து பார்த்துக்கொண்டே போனாள். நான் மறுபக்கம் பார்த்தேன். கண்ணாடித் தாங்கிக்குப் பின்னால், சுவரும் தரையும் சேருகிற விரிசலுக்குப் பக்கத்தில், ஒரு சிறுமி முழங்காலில் தலை வைத்து உட்கார்ந்திருந்தாள். மிட்டாய்க்கு ஓடாத ஒரே பிள்ளை அவள்தான்.

"உன் பேர் என்னம்மா?"

"அய்கானிம்," என்றாள். "தாத்தா, தூக்கம் வருது."

தூங்காதே என்று சொல்லி அவளை அள்ளினேன். அவள் தலை என் தோளில் துவண்டது. அந்தக் கூடம் அவ்வளவு நீளம் என்று காலையில் எனக்குத் தெரியவில்லை. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்பதைத் தவிர வேறு எதுவும் என் வாயில் வரவில்லை. ஷினார் என் பக்கத்தில் ஓடிவந்து, அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள், பதில் வராவிட்டாலும் விடாமல்.

வெளிக்காற்று பட்டதும் அய்கானிம் வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள். ஒரு பிள்ளையின் அழுகை எனக்கு அவ்வளவு இனிமையாகக் கேட்டது வாழ்க்கையில் அந்த ஒருமுறைதான். மருத்துவ நிலையத்துச் செவிலி ஆக்சிஜன் உருளையோடு வந்து அவள் முகத்தில் குழாயை வைத்தாள். பிழைத்துக்கொள்வாள் என்று சொல்லும் வரை ஷினார் பனியில் மண்டியிட்டே இருந்தாள்.

அதற்குள் முற்றத்தில் சிரிப்பு நின்றிருந்தது. என்ன நடந்தது என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. காற்று எழுந்து பனித்தூளை முகத்தில் வீசியது. ரக்கிமா அம்மாள் பேச வாயெடுத்தார். அதற்குமுன் ஷினார் எழுந்து, நண்பகலில் நான் சொன்னது தவறு, கூடத்தில் வாயு இருக்கிறது, யாரும் உள்ளே போக வேண்டாம் என்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஜென்பெக் முன்னால் வந்தான்.

"மத்தியானம் இல்லைங்குது, இப்ப இருக்குதுங்குது. உன் பெட்டி என்ன, சந்தைக்காரன் தராசா?"

"பெட்டி மேல தப்பில்ல, அகா. அழுக்கைக் காட்டி இதுதான் சுத்தம்னு நான் அதுக்குச் சொல்லிக்கொடுத்துட்டேன். அது என் பேச்சை நம்பிடுச்சு."

"அப்ப என் பையன் மறுபடியும் அந்தப் பேருந்துல போகணும். அதானே?"

ஷினார் தலை குனிந்தாள். கலாம்பிர் அபா மேல்சட்டை இல்லாமல், காலித் தாம்பாளத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றவர், இரண்டடி முன்னால் வந்தார். ஷினார் அவர் கையைப் பிடித்து இழுத்தாள். வேண்டாம் என்று கண்ணால் சொன்னாள். அபா கையை விடுவித்துக்கொண்டார்.

"சன்னலை அடைச்சது நான், ஜென்பெக். திறந்து போடச் சொல்லிட்டுத்தான் போனாங்க. குளிருமேன்னு நான் அடைச்சேன். கொஞ்சம் முன்னாடிதான் இவகிட்ட அதைச் சொன்னேன். இந்தப் பொண்ணு என்னைக் காட்டிக்கொடுக்கலே. எதாவது சொல்றதுன்னா என்னைச் சொல்லு."

ஜென்பெக் அவருடைய கிழிந்த கம்பளிச் சட்டையையும் குளிரில் நடுங்கும் அந்தக் கைகளையும் பார்த்தான். தாடை இறுகி இறுகித் தளர்ந்தது. பிறகு தன் ஆட்டுத்தோல் மேலங்கியைக் கழற்றி அபாவின் தோளில் போட்டு, கழுத்துவரை இழுத்து மூடினான்.

"நீங்க வாயைத் திறக்கலேன்னா இத்தனை பிள்ளைங்களும் இன்னும் உள்ளதான் உக்காந்திருக்கும், அபா," என்றான். குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. ரக்கிமா அம்மாள் பக்கம் திரும்பினான். "என் வீட்ல முன்னறை சும்மாதான் கிடக்கு. என் பையன் வகுப்பு அங்க உக்காரட்டும். நான் இனிமே யாரையும் பேருந்துல ஏத்த விடமாட்டேன்."

பிறகு கேலி பேசிய அந்தப் பெண்மணி, தன் வீட்டில் கோடையில் மட்டும் பயன்படுத்தும் வெளிச் சமையலறையில் அடுப்பு மூட்டினால் முதல் வகுப்பு உட்காரலாம் என்றாள். ஊர் இமாம் பள்ளிவாசலின் முன்னறையைத் தருகிறேன் என்றார். எந்த வீட்டிலும் பிள்ளைகளை உட்கார வைக்கும் முன் நான் அளந்து பார்த்துச் சொல்கிறேன் என்றாள் ஷினார். அளக்காமல் ஒருத்தரும் நம்பமாட்டோம் என்று யாரோ சொன்னார்கள். நொந்துபோய் இருந்த முகங்களில் ஒரு சிரிப்பு வந்தது.

புயல் இரண்டு நாள் அடித்தது. அது ஓய்ந்தபோது பள்ளத்தாக்கின் புகையையெல்லாம் வாரிக்கொண்டு போயிருந்தது. குளிரும் தணிந்திருந்தது. வண்டியின் பின்கதவைத் திறந்து, முற்றத்துக்கு அப்பால் கண்ணாடியை நிறுத்தி, புதிதாகச் சுத்தக் காற்றுக் கோடு எடுத்தோம். அதோடு ஒப்பிட்டுக் கூடத்தின் பழைய கோடுகளையெல்லாம் ஷினார் திரும்பக் கணக்கிட்டாள். வந்த எண்களை ரக்கிமா அம்மாளிடம் காட்டினாள். அவர் போய்க் கூடத்தைத் தன் கையால் பூட்டினார். அறிக்கையில் தன் தவறையும் ஷினார் அப்படியே எழுதினாள். நகரத்து அதிகாரி தொலைபேசியில் வெகுநேரம் கத்தினார். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நடந்தது அதுதான் என்று மட்டும் சொன்னாள். வகுப்புக்குக் கொடுத்த இடங்களையெல்லாம் அளந்து, வாயு இல்லை என்று பார்த்த பிறகுதான் கிளம்பினோம்.

எத்தனையோ இடங்களில் அளந்திருக்கிறோம். கருவி பொய் சொல்லாது. நாம் அதன் முன்னால் எதை வைக்கிறோமோ அதைச் சொல்லும். ஆனால் அந்தப் பிற்பகலில் உண்மை எங்கள் கைக்கு வந்தது கருவியின் வழியாக அல்ல. ஒரு காவற்காரி, தன்னைத் திட்டமாட்டாள் என்று நம்பி, ஒரு பெண்ணின் பக்கத்தில் உட்கார்ந்ததால் வந்தது. மனிதர்கள் பயமில்லாமல் பேசுகிற இடத்தில்தான் ஆண்டவன் நமக்கு எச்சரிக்கை அனுப்புகிறான் என்று நான் நம்புகிறேன்.

நாங்கள் திரும்பியது ஒரு காலை நேரத்தில். ஜென்பெக்கின் வீட்டைத் தாண்டும்போது உள்ளே பிள்ளைகள் வாய்ப்பாடு சொல்லும் சத்தம் கேட்டது. வாசலில் சின்னச் சின்னப் பூட்ஸுகள் தாறுமாறாகக் கிடந்தன. கலாம்பிர் அபா ஒரு வாளியில் கரி சுமந்துகொண்டு உள்ளே போனார், அந்த ஆட்டுத்தோல் மேலங்கியோடு. ஷினார் வண்டிச் சன்னலை இறக்கிக் கையசைத்தாள்.

மலைப்பாதையில் வளைவுக்கு வளைவு மெதுவாக ஓட்டினேன். உச்சிவரை ஏறி, அந்தப்புறம் இறங்கும் வரை, பிள்ளைகளை ஏற்றிய பேருந்து எதுவும் எங்களுக்கு எதிரே வரவில்லை.